வெடித்த பலகையும் நகாஷிமாவின் கட்டையும்

மேசைக்காக வைத்திருந்த வாகைப் பலகை காயும்போது ஒரு முனையிலிருந்து வெடித்துவிட்டது. வெடித்த பகுதியை அறுத்துவிடலாம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். நான் அமெரிக்கத் தச்சர் ஜார்ஜ் நகாஷிமாவின் வழியை எடுத்தேன். வெடிப்பை மறைக்காமல் விட்டு, மேலும் விரியாதபடி அதன் குறுக்கே உடுக்கை வடிவக் கட்டை ஒன்றைப் பதிப்பது அவர் வழி.

கட்டைக்கு ஈட்டி மரத் துண்டு. நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலேயே முறியும். கட்டையைச் செய்து முடித்து, அதையே பலகைமேல் வைத்துக் கத்திமுனையால் கோடு கிழித்தேன். பென்சில் கோட்டின் தடிமன்கூடப் பொருத்தத்தைக் கெடுக்கும். பலகையின் பாதிக் கனத்துக்குக் குழி. மூலைகளுக்குக் கால் அங்குல உளிதான் சரி. கட்டையின் பக்கங்களை அடிப்புறம் நோக்கி மயிரிழை சரித்திருந்ததால், கொட்டாப்புளியால் தட்டத் தட்ட இறுகியது. பசை காய்ந்த பின் மேலே துருத்தியதை இழைப்புளியால் சீவினேன்.

நகாஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். ஆனால் அவருடைய தச்சு முதிர்ந்தது முள்வேலிக்குள். 1942இல் ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு இடாஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தது. அங்கே ஜென்டாரோ ஹிகோகவா என்ற தச்சரிடம் ஜப்பானியக் கைக்கருவிகளையும் மூட்டுகளையும் கற்றார். ரேமண்டின் முயற்சியால் 1943இல் வெளியே வந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். பிறர் கழித்த முடிச்சும் வெடிப்பும் உள்ள பலகைகள் அவர் கையில் மேசைகளாயின.

இப்போது வெடிப்பே இல்லாத மேசைகளிலும் இந்தக் கட்டைகளை வரிசையாகப் பதிக்கிறார்கள். எனக்கு அது எரிச்சல். வேலையில்லாத இடத்தில் கட்டைக்கு என்ன வேலை?

என் பலகையில் வெடிப்பு நீளம். அது முடியும் இடத்துக்குச் சற்று முன்பாக, சிறியதாக இன்னொரு கட்டை வேண்டும். குறி போட்டாயிற்று, உளிகளைத் தீட்ட வேண்டும். கால்கள் அதற்குப் பிறகுதான்.