17ஆம் கட்டில்

ஓகஸ்ட் 5
ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கம்பி வைத்தாயிற்று. கஞ்சியைத் தொடவில்லை.

மாஸ்ரர் இரவல் தந்த பை கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. எகிப்து எழுத்தாளர் மஹ்ஃபூஸின் கெய்ரோ நாவல், மூன்று புத்தகம், 1300 பக்கத்துக்கு மேல். மனுசன் ஒரே நாவலாகத்தான் எழுதினாராம். இவ்வளவு பெரிசை யார் அச்சடிப்பது என்று 1956, 57இல் மூன்றாகப் பிரித்துப் போட்டார்கள். பையைத் தூக்கிப் பார்த்தால் பதிப்பாளர் பக்கமும் நியாயம் தெரிகிறது.

ஓகஸ்ட் 7
"மனசுக்க வாசிக்காமச் சத்தமாச் சொல்லன்."

ஆங்கிலத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். நடுச்சாமம். ஊர் சுற்றிவிட்டு வரும் புருசனுக்காக விளக்கோடு காத்திருக்கிறாள் ஆமினா.

"உங்கட ஐயா எட்டு மணிக்கே வந்திடுவார்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "வந்தாலும் ஒண்டும் கதைக்கமாட்டார்."

16ஆம் கட்டில் அன்ரியும் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஓகஸ்ட் 8
காய்ச்சல். கதை இல்லை.

ஓகஸ்ட் 10
புருசன் வெளியூர் போன நேரம் ஆமினா ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போகிறாள். கலியாணம் கட்டி இருபத்தைந்து வருசத்துக்கு மேல். அத்தனை வருசமும் ஜன்னலுக்குள்ளால் கோபுரம் பார்த்தவள். திரும்பி வரும்போது கார் தட்டிக் காறையெலும்பு உடைகிறது. எலும்பு பொருந்தும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டை விட்டுப் போ என்கிறான்.

"கோயிலுக்குப் போனதுக்கோ?" இது அம்மா.

"பொய் சொல்லியிருக்கலாம்." இது அன்ரி.

ரொறன்ரோ அக்கா இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டாளாம், அந்தாளை அடிக்கவேணும் போல இருந்ததாம். மாஸ்ரரைக் கேட்டால், "அவன் இல்லாட்டி நாவலே இல்லை, தங்கச்சி." இரண்டுபேருக்கும் அவன்தான் கதை. எனக்கு அவனில் அவ்வளவு கோபம் இல்லை. பிழை தன்னுடையது என்று ஆமினா மனதார நம்புகிறாளே, அதுதான் தாங்கவில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

ஓகஸ்ட் 11
"பிறகு கூட்டிக்கொண்டு போனவனோ?"

ஓகஸ்ட் 13
அதே கேள்வி. மகன்மாரை அனுப்பிக் கூப்பிட்டான் என்றேன்.

"தான் வரேல்லை, என்ன."

ஓகஸ்ட் 15
சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முதல் புத்தகம் அங்கேதான் முடிகிறது, என்ன செய்ய. 1919. அனுமதி கொடுத்த ஊர்வலம், நாடு கடத்திய விடுதலைத் தலைவர் சக்லூலை ஆங்கிலேயர் விட்டுவிட்டார்கள் என்ற சந்தோசத்தில் போனது. அதில்தான் சுடுகிறார்கள். ஆமினாவின் மகன் ஃபஹ்மி செத்துப்போகிறான்.

"பொடியைக் குடுத்தவங்களோ?" என்று கேட்டார் அன்ரி. வேறு யாரும் இந்த நாவலைப் பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை.

உடல் ஆஸ்பத்திரியில், மற்றவர்களோடு சேர்த்துத்தான் அடக்கம், வீட்டிலிருந்து எடுக்க விடவில்லை என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். இரவுச் சாப்பாடு மூடினபடி இருந்தது.

ஓகஸ்ட் 17
அன்ரிக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டியாச்சு. போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 19
மூன்றாம் புத்தகத்தைத் தனியே முடித்தேன், வெளி வாங்கில் இருந்து. கடைசிப் பாகம் மெலிவு என்கிறார் மாஸ்ரர். மெலிவாம்! ஆமினா பக்கவாதத்தில் கிடக்கிறாள். புருசனின் மூத்தாள் மகன் யாஸீன் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குச் சாமான் வாங்குகிறான். அதே கடையில் ஆமினாவின் கடைசி மகன் கமால் கறுப்புக் கழுத்துப்பட்டி வாங்குகிறான். பழையது தேய்ந்துவிட்டதாம். தாய்க்கு இன்னும் மூச்சு இருக்கிறது.

அண்ணா டிக்கெட் போடவோ என்று கேட்கிறான். அவசரமில்லை என்றேன்.

ஓகஸ்ட் 21
நல்லூர்த் தேர். "இப்ப இருப்புக்கு வந்திருக்கும்" என்றார் அம்மா, மணியைக் கேட்காமலே.

மற்றப் புத்தகம் எங்கே என்றும் கேட்டார். ஒரு துண்டு மட்டும் சொன்னேன். கிழவனுக்கு நெஞ்சு வருத்தம், வெளியில் போக ஏலாது. ஆமினா நாள்தோறும் ஹுசைனுக்குப் போய்வருகிறாள். இப்போது ஜன்னலடியில் பார்த்துக்கொண்டிருப்பது அவன்.

அம்மா சிரித்தார். இந்த வாட்டுக்கு வந்து இன்றுதான்.

"இருக்கட்டும். அவன் அதிலயே இருக்கட்டும்."

ஓகஸ்ட் 22
விடிய 3.40. ஒக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அண்ணாவுக்கு எடுத்தேன். போடச் சொன்னேன்.