தொட்டும் கேட்டும் படிக்கும் சாலை

ஆண்டுதோறும் சனவரியில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் பெரும்பாலும் கைதட்டுவதற்காகவே உட்கார வைக்கப்படுகிறார்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றும் எனக்கு இது நெடுநாள் உறுத்தல். ஒரு சுவரொட்டியைக் காட்டி, சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் செல் என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்தில், பார்வையற்ற பிள்ளை எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆகவே அட்டையில் ஒரு நாற்சந்தி செய்தோம். நடைபாதை தெர்மாகோலால் மேடாக இருக்கும். சாலையைக் கடக்கும் கோடுகள் உப்புத்தாள் பட்டைகள். பிறவியிலேயே பார்வையில்லாத ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை இரு கைகளாலும் வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அப்ப நாலு ரோடும் ஒரே எடத்துலயா சேருது?" என்று கேட்டான். அதே போன்ற ஒரு சந்தியைத் தாயின் கையைப் பிடித்தபடி தினமும் கடந்து வருபவன் அவன். அவர் திரும்பும்போது திரும்பியே பழகியவனுக்குச் சந்தியின் வடிவம் பிடிபடாமல் இருந்ததில் வியப்பில்லை.

அதன்பின் வெண்கோலுடன் சாலையோரம் நின்று கேட்கும் பயிற்சி. நாம் போகும் திசைக்கு இணையாக நிற்கும் வண்டிகள் கிளம்பும் இரைச்சல் எழுந்தால், குறுக்கே போகும் வண்டிகள் நின்றுவிட்டன என்று கொள்ளலாம் என்பது இப்பயிற்சியின் அடிப்படை. ஆனால் நம் ஊர்ச் சந்திகளில் இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் சிக்னலை மதிப்பதில்லை. மழை பெய்தால் எல்லா ஓசையும் கலந்துவிடும். மின்சார ஸ்கூட்டர் வருவது காதுக்கு எட்டுவதே இல்லை. இதனால் உதவி கேட்பதையும் ஒரு திறனாகவே கற்றுக்கொடுக்கிறோம். உதவ வருபவர் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லக் கூடாது. பிள்ளைதான் அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரைக் காலடி பின்னால் நடக்க வேண்டும். கூச்சமின்றி இதைச் சொல்லப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

செவித்திறன் குறைந்த மாணவர்களின் சிக்கல் வேறு. நம் சாலைகளில் ஹாரன்தான் பேச்சுமொழி. அது கேட்காமல் நடக்கும் பிள்ளைக்கு வசவுதான் கிடைக்கும். நடைபாதை இல்லாத இடங்களில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடப்பதும், சாலையில் இறங்குமுன் தலையை முழுவதுமாகத் திருப்பிப் பார்ப்பதும் இவர்களுக்கு முதல் பாடம்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் சாலையில் அது நினைவுக்கு வருவதில்லை. பொது விதியைவிட, அந்தப் பிள்ளை தினமும் நடக்கும் வழியிலேயே, அதே இடத்தில், அதே சொற்களில் திரும்பத் திரும்பப் பழக்குவதே பலன் தருகிறது என்பது என் அனுபவம். நிற்க வேண்டிய இடத்துக்குப் பெட்டிக்கடையை அடையாளமாக வைப்பதில்லை. கடை பூட்டியிருந்தால் பிள்ளை குழம்பிவிடும். மின்கம்பம் எங்கும் போய்விடாது.

சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வருபவர்களைப் பொறுத்தவரை, பாடத்தால் ஆகக்கூடியது குறைவு என்றே நினைக்கிறேன். சிக்னலில் பாதசாரிகளுக்கு நேரம் ஒதுக்கும்போது நடைவேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று கொள்வது பொதுவான வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு 10 நொடி. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை வாக்கருடன் அதற்குள் பாதி தூரம்கூடப் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற சாலையை அரசின் கடமையாக்கியிருக்கிறது. எங்கள் பள்ளி வாசலிலோ நடைபாதைக்குச் சாய்தளம் இன்னும் இல்லை. எங்கள் இயன்முறை மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையும் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து போக்குவரத்துக் காவலரிடம் கொடுத்தார். பள்ளி விடும் வேளையில் மட்டும் அந்தக் காவலர் விளக்கைப் பார்க்காமல், கடைசிப் பிள்ளை கடந்து முடிக்கும்வரை கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திவைக்கிறார். சாய்தளம் கேட்டுக் கொடுத்த மனு நகராட்சியில் இருக்கிறது.