காலை ஆறரைக்கு வீட்டுக்கு வரும் பற்றரி

என் கணவர் கடலால் வந்ததும் மீனும் வலையும் கரையோடு நின்றுவிடும். வீடு வரைக்கும் வருவது இரண்டு சாமான்கள்தான். ஒன்று வெறும் மண்ணெண்ணெய்க் கான், மற்றது தோளில் துவாயை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்துக் கொண்டுவரும் பற்றரி. காலை ஆறரை மணிக்கு அது பின் விறாந்தையில் இறங்கும். பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப அதே தோளில் ஏறும். இடையில் இருக்கிற ஒன்பதரை மணித்தியாலமும் அது என் பொறுப்பு.

யாழ்ப்பாணத்து மாதகலில் எங்களுடையது 18 அடி பிளாஸ்ரிக் படகு. 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இஞ்சின், கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுவது. இஞ்சினுக்குப் பற்றரியே வேண்டாம். பிறகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஜீபிஎஸ், ஆழம் பார்க்கிற சவுண்டர், வலை இழுக்கும்போது போடுகிற எல்ஈடி லைற், கம்பத்தில் எரிகிற சின்ன லைற், கடைசியாகக் கைத்தொலைபேசி. 1974 இல் இந்தியாவும் இலங்கையும் பேசிப் போட்ட எல்லைக்கோடு கடலில் கீறிக் கிடப்பதில்லை. ஜீபிஎஸ் திரையில்தான் அது தெரியும். கம்பத்து லைற் நூந்தால் இருட்டில் வருகிற றோலருக்கு (பெரிய இழுவைப் படகுக்கு) எங்கள் படகு கிடப்பதே தெரியாது. அந்தப் பெட்டி வெறும் பெட்டி இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அதை நான் உணர்ந்தது ஒரு மாசி மாத இரவில். வலை விட்டுவிட்டுக் கிடந்தபோது ஒரு மணிபோல ஜீபிஎஸ் திரை இரண்டு தரம் மினுங்கிவிட்டு அணைந்தது. அரை மணியில் லைற்றும் சிவந்து மங்கிப் போனது. போனிலும் சார்ஜ் இல்லை. இவரும் கூடப் போன மச்சானும் அந்த இருட்டில் இஞ்சினைப் போடாமல் நங்கூரத்தோடு இருந்து, விடிந்து கரைப் பனைகள் தெரிந்த பிறகுதான் திரும்பினார்கள். வழமையாக ஆறரைக்கு வருகிறவர் ஒன்பது மணிக்கு வந்தார். அந்த இரண்டரை மணித்தியாலம் நான் கரையில் நின்ற நிலையை இங்கே எழுத வரவில்லை. வந்ததும் இவர் சொன்னது ஒரு வசனம்தான். “இஞ்சரப்பா, இனி இந்தப் பற்றரியை நீர்தான் பார்க்கோணும்.”

அந்தப் பற்றரி அப்போது எட்டு மாதப் பிள்ளை. வாங்கும்போது கடைக்காரத் தம்பி, “அக்கா, காருக்குப் போடுறதையே இதுக்கும் போடலாம்” என்று 45 அம்பியர்ப் பற்றரியைத் தந்தார். போடலாம், ஆனால் உழைக்காது. காருக்கு வேண்டியது சாவி திருப்புகிற ஒரு சில விநாடிக்குப் பெரிய உதை. பிறகு ஓட ஓட காரே அதை நிரப்பிவிடும். அதற்காக அதன் உள்ளே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். எங்கள் தேவை அதற்கு நேர்மாறு: விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவேண்டும், அடுத்த நாளும் அப்படியே. அதற்குத் தகடு தடிப்பாக இருக்கவேண்டும். சோலர்ப் பற்றரி என்று கேட்டால் தருவார்கள். பாரம் கூட, விலையும் கூட.

மகனுடைய பழைய கொப்பியில் ஒரு இரவின் கணக்கை எழுதிப் பார்த்தேன். ஜீபிஎஸ்ஸும் சவுண்டரும் சேர்ந்து 1 அம்பியர், 12 மணித்தியாலத்துக்கு 12 அம்பியர்-மணி (பற்றரியின் 45 என்பதும் இந்த அம்பியர்-மணிதான்). வேலை லைற் 10 வாற், அதாவது 0.8 அம்பியர், ஆறு மணித்தியாலம், கிட்டத்தட்ட 5. கம்பத்து லைற் இரண்டரை. போன் ஒரு இரண்டு. கூட்டினால் 21 அல்லது 22. நாற்பத்தைந்தில் சரி பாதி! ஒவ்வொரு இரவும் அந்தக் கார்ப் பற்றரியைப் பாதிக்கு இறக்கியிருக்கிறோம். எட்டு மாதம் தாங்கியதே அதன் நல்ல குணம். இப்போது இருப்பது 65 அம்பியர். மூன்றில் ஒரு பங்குதான் இறங்குகிறது. 100 வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முப்பது கிலோ பக்கம் வரும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கி வருகிறவர் இவர், நான் இல்லை. அதனால் 65 போதும்.

அப்புறம் சார்ஜ் போடுகிற கதை. முன்பு ஒரு கடையில் கொடுத்துத்தான் போட்டோம். மத்தியானத்துக்குள் தந்துவிடுவார்கள். அந்த வேகம் எங்களுக்கு வசதி என்றுதான் நினைத்தோம். ஒருநாள் தூக்கும்போது பெட்டி சுட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வற்றித் தகட்டின் தலை வெளியே தெரிந்தது. பற்றரி குடிக்கிற வேகத்துக்குத்தான் ஊற்றவேண்டும். அதன் அம்பியரில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 65க்கு ஆறரை அம்பியர். நான் வைத்திருப்பது 6 அம்பியர் சார்ஜர், 14.4 வோல்ற்றுக்கு வந்ததும் தானாகக் குறைக்கும். இரவில் போன 22க்கு, வழியில் வீணாகிறதையும் சேர்த்து 26 போலக் கொடுக்கவேண்டும். முக்கால்வாசி மளமளவென்று ஏறும், கடைசிப் பங்கு ஆமை மாதிரித்தான். ஏழு மணிக்குக் கொளுவினால் பின்னேரம் இரண்டு, இரண்டரை ஆகிவிடும். அந்தக் கடைசிப் பங்கைக் காத்திருந்து கொடுக்காமல் பாதியில் கழற்றுவதுதான் பல பற்றரிகளைத் தின்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகாமல் விட்டால், இறங்கிய பற்றரியை அப்படியே மூலையில் வைத்துவிடுவது. வெறுமையாய்க் கிடக்கிற பற்றரியின் தகட்டில் வெள்ளையாய் ஒரு உப்புப் படியும். முதல் நாட்களில் சார்ஜ் போட்டால் கரைந்துவிடும், கிழமைக் கணக்கில் விட்டால் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜராலும் அதை எடுக்க முடியாது. எங்கள் வெக்கைக்கு, நிரம்பிய பற்றரிகூடச் சும்மா இருந்தாலே இறங்கும். அதனால் தொழில் இல்லாவிட்டாலும் மாதத்தில் இரண்டு தரம் நான் அதை நிரப்பிவைப்பேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது என் ஒன்பதரை மணித்தியாலக் கணக்கு குழம்பிப்போனது. கறன்ற் வரும்போது பற்றரி கடலில், பற்றரி வரும்போது கறன்ற் இல்லை. காப்பு ஒன்றை அடகு வைத்து 100 வாற் சோலர்ப் பலகையும், அதிலிருந்து பற்றரிக்குச் சார்ஜை அளவாய் விடுகிற கொன்ரோலரும் எடுத்தோம். நல்ல வெயிலுக்கு 5 அம்பியருக்கு மேல் தருகிறது, ஒரு நாளில் 25 போல வரும். அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. வெயிலுக்கு விலை ஏறவில்லை.

சோலரில் ஒரு விசயம் யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மாதம் காலையில் மீற்றர் ஒன்றரை அம்பியருக்கு மேல் போகவே இல்லை. பலகை பழுது என்று சண்டைக்குப் போக இருந்தேன். ஏறிப் பார்த்தால், முருங்கைக் கொப்பு ஒன்றின் நிழல் மூலையில் ஒரு கையகலம் விழுந்திருந்தது. உள்ளே இருக்கிற சில்லுகள் எல்லாம் கோர்த்த மணி மாதிரி. ஒன்றில் நிழல் விழுந்தால் அந்தச் சரம் முழுவதும் படுத்துவிடும். கொப்பை வெட்டின அன்றே நாலரை அம்பியருக்கு ஏறியது. காகம் எச்சம் போட்டாலும் இதேதான். கடற்காற்று உப்பு வேறு படியும். காலையில் கோழிக்குத் தீன் போட்ட கையோடு ஒரு செம்புத் தண்ணீரும் பழந்துணியும் கொண்டு ஏறிவிடுவேன்.

தண்ணீர் என்றதும், பற்றரிக்குள் ஊற்றுகிற தண்ணீரைப்பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தயவுசெய்து பற்றரிக்குள் விடாதீர்கள். எங்கள் நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியைச் சுரண்டிப் பாருங்கள், அந்த வெள்ளைப் படை எங்கிருந்து வந்தது? அதுவேதான் பற்றரிக்குள்ளும் போகும். குடிக்க இனிக்கிற நல்ல தண்ணீரும் இதற்கு ஆகாது.

என் அப்பாவுக்கு இது அந்தக் காலத்திலேயே தெரியும். 1990க்குப் பிறகு போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கறன்ற் இல்லை, ரோச் பற்றரிக்கே தடை. செத்த பற்றரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு இரவு செய்தி கேட்போம். அதுவும் முடிந்தால் சைக்கிள் டைனமோவில் றேடியோ. மிதிப்பது நான், கேட்பது அயல் முழுவதும். அப்பாவிடம் ஒரு பழைய வாகனப் பற்றரி இருந்தது. மாரி தொடங்கி முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, மூன்றாவது மழைக்கு முற்றத்தில் தோய்த்த வெள்ளைச் சேலையை நாலு மூலையும் கட்டி, நடுவில் பாரம் வைத்து, சொட்டுகிற தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடிப்பார். தகரக் கூரைத் தண்ணீர் கூடாது என்பார். அந்தப் போத்தலைத் தொட்டால் அடி விழும். இன்றைக்குக் கடையில் பற்றரித் தண்ணீர் போத்தலில் இருக்கிறது, வாங்கி ஊற்றுங்கள்.

ஊற்றுவதும் சார்ஜ் முடிந்த பிறகுதான். சார்ஜ் ஏறும்போது உள்ளே மட்டம் உயரும், முதலே நிரப்பினால் அசிற் வழிந்துவிடும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்கூட்டியே அது மூழ்குமளவு. அசிற்றை மேலதிகமாக ஊற்றவே கூடாது, ஆவியாகிப் போவது தண்ணீர்தான்.

தொடங்குமுன் நான் செய்கிற முதல் வேலை, காப்பைக் கழற்றி வைப்பதும் தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்துவதும். குனிந்து நிற்கும்போது கொடி இரண்டு முனையிலும் பட்டால் கண் மூடித் திறக்குமுன் பழுக்கக் காய்ந்துவிடும். ஆண்கள் மோதிரத்தைக் கழற்றுங்கள். சார்ஜ் போடுகிற இடத்தில் அடுப்பு, விளக்கு, சுருட்டு எதுவும் வேண்டாம். உள்ளிருந்து வருகிற வாயு நெருப்புக் கண்டால் வெடிக்கும். சொந்தக்காரர் ஒருவர் தண்ணீர் மட்டம் பார்க்க நெருப்புக்குச்சி கிழித்தார். மூடி பறந்து கூரையில் அடித்தது. அசிற் கன்னத்தில்தான் பட்டது, கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிற்கட்டும்.

கிழமைக்கு ஒருமுறை முனைகளைத் துப்பரவாக்குவேன். உப்புக் காற்றுக்கு அதில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூக்கும். பூத்த இடத்தால் கறன்ற் சரியாய்ப் போகாது, பற்றரியில் பிழை என்று நினைத்துக்கொண்டு இருப்போம். மூடிகளை இறுக்கிவிட்டு, சுடுதண்ணீரில் அப்பச்சோடா ஒரு கரண்டி கரைத்து, பழைய பல்துலக்கித் தூரிகையால் தேய்த்தால் புசுபுசு என்று நுரைக்கும். நுரை அடங்கும்வரை தேய்த்து, கழுவி, துடைத்து, உலர்ந்த பின் வாஸ்லின். கழற்றும்போது கறுப்பு முதல், பூட்டும்போது கறுப்பு கடைசி.

படகில் அது இருப்பது மூடியோடு ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில், பலகை மேல் உயர்த்தி, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டி. அடியில் நிற்கிற கடல்தண்ணீர் உள்ளே போகக்கூடாது. போனால் மூச்சை அடைக்கிற குளோரின் வாயு வரும், பற்றரியும் முடிந்தது. அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

முடிந்த பற்றரியை உடைத்து ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிற பழக்கம் முன்பு கரையில் இருந்தது. எங்கள் வளவிலும் நடந்திருக்கிறது, புகைக்குப் பக்கத்தில் நாங்கள் விளையாடியிருக்கிறோம். ஈயப் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். பழையதை உடைக்காமல் கடையில் கொடுத்தால் புதிதின் விலையில் கழிப்பார்கள். அந்தக் காசுக்கு ஈயக்குண்டு வாங்கலாம்.

இப்போதைய பற்றரிக்கு இரண்டு வருடமும் நாலு மாதமும். கொப்பியில் இன்று காலை எழுதியது: வந்து இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டுப் பார்த்தது 12.3 வோல்ற். நிரம்பினால் 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி, ஆகவே பரவாயில்லை. ஆனால் நேற்று முழுதாய் ஏறிய பிறகு கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையின் அசிற்றையும் உறிஞ்சிப் பார்த்தபோது ஐந்து அறையில், அசிற்றின் அடர்த்தியைக் காட்டுகிற மிதவை 1260க்கு மேல் நின்றது. நாலாவதில் மட்டும் 1230. வித்தியாசம் 50க்குப் போனால் அந்த அறை போகப்போகிறது என்று அர்த்தம். ஞாயிறு எங்கள் ஊரில் தொழில் இல்லை. பூசைக்குப் போகுமுன் கொளுவிவிட்டு, அன்று முழுவதும் மெல்ல ஏறவிட்டு நாலாவதைத் திரும்பப் பார்க்கவேண்டும்.