தூது ஆர்.என்.ஏ. எங்கே நிற்கிறது என்று கேட்டுப் படியுங்கள்

உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாந்தடவை தோற்றுவதற்காகக் கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வகுப்புக்குப் போய்வந்த காலத்தில், மாதிரி வினாத்தாள் ஒன்றில், பற்றீரியாவின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் தொகுப்பதற்கான செய்தியை டீ.என்.ஏ.யிலிருந்து கொண்டுசெல்லும் இழை) கருவிலிருந்து குழியவுருவுக்கு வருகிறது என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் ‘கருவிலிருந்து’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எங்கே?’ என்று கேட்டிருந்தார். புரதத் தொகுப்பின் படிமுறைகளை வரிசையாக மனனம் செய்திருந்தேனே தவிர, எது எவ்விடத்தில் நடக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து இப்பாடத்தை வரைந்துதான் படித்தேன். நம் கலத்தில் செய்தியானது, அதாவது தூது ஆர்.என்.ஏ., மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வருபவரைப் போல, கருமென்சவ்வைக் கடந்தாக வேண்டும். பற்றீரியாவுக்குக் கருவே இல்லாததால் கடப்பதற்கு வாவியும் இல்லை. டீ.என்.ஏ.யிலிருந்து செய்தியின் முன்முனை வெளிப்பட்டதுமே 70எஸ் எனப்படும் பற்றீரிய இறைபோசோம்கள் அதில் ஏறிப் புரதம் தொகுக்கத் தொடங்கிவிடும். பின்முனை அப்போதும் பிரதியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். படத்தில் அந்த இழையை டீ.என்.ஏ.யுடன் ஒட்டியபடியே, மணிகள் கோத்ததுபோல் வரையுங்கள்.

அடுத்து, 1961இல் பிரெஞ்சு அறிவியலாளர்களான சாக்கோப்பும் மொனோவும் விளக்கிய இலக்ரோசு ஒப்பரோனை, அதாவது ஒன்றாக இயக்கப்படும் பரம்பரையலகுத் தொகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று பரம்பரையலகுகளும் ஒரே செய்தியாகப் பிரதியெடுக்கப்படுகின்றன. ஆனால் இலக்ரோசை உடைக்கும் நொதியம் குழியவுருவிலும், அதை உள்ளே கொண்டுவரும் புரதம் மென்சவ்விலும் தொழிற்படுகின்றன. அப்படியானால் செய்தி எங்கே நிற்கும்? என்னை இப்பாடத்தின்மேல் உண்மையாக ஆசைகொள்ள வைத்த கேள்வி இதுதான். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, கோலோபாக்டர் என்னும் பற்றீரியாவில் செய்திகள் தாம் பிறந்த டீ.என்.ஏ. பகுதியை விட்டு அதிகம் விலகுவதில்லை எனக் காட்டியது. 2011இல் ஈ. கோலை என்னும் பற்றீரியாவில் நடந்த ஆய்விலோ, மென்சவ்வுப் புரதங்களுக்கான செய்திகள் மென்சவ்வருகே காணப்பட்டன. செய்தியிலிருந்து புரதம் தொகுக்கப்படும் மொழிபெயர்ப்பைத் தடுத்தபோதும் அவை அங்கே சென்றன என்பதால், போக வேண்டிய இடம் பற்றிய குறிப்புச் செய்திக்குள்ளேயே இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். இரண்டு மைக்கிரோமீற்றர் அளவேயான கலத்துக்குள் இத்தகைய ஒழுங்கு இருப்பது இன்றும் எனக்கு வியப்புத்தான்.

பரீட்சையில் இவ்வாய்வுகளை எழுதப் போகாதீர்கள். கேட்டதற்கு மட்டும் விடையளியுங்கள். வீட்டில் பயிலும்போது, ஒரே தாளில் மனிதக் கலத்தையும் பற்றீரியாவையும் அருகருகே வரைந்து, ஒவ்வொரு படிமுறையையும் அது நடக்கும் இடத்தின் மேலேயே எழுதுங்கள். எழுத இடம் தெரியாமல் பேனை நிற்கும் படிமுறையைத்தான் அன்றிரவு மீண்டும் படிக்க வேண்டும்.