குளிர் அறையின் எக்ஸ்பான்ஷன் வால்வைக் கழற்றிப் பார்த்தது

காளான் கொட்டகையை ஒட்டியிருக்கும் சின்னக் குளிர் அறை 4 டிகிரிக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. 8-இல் நிற்கிறது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஆர்-134ஏ கேஸ், வெளியே கண்டன்சிங் யூனிட்டில் திரவக் கேஸ் சேரும் ரிசீவர் தொட்டி உண்டு, உள்ளே சீலிங்கில் ஃபேன் காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்), அதற்குள் போகும் திரவத்தை அளந்து விடும் தெர்மோஸ்டாட்டிக் எக்ஸ்பான்ஷன் வால்வு. குளிர் குறைந்தால் நம் ஊரில் முதலில் வரும் பேச்சு "கேஸ் குறைஞ்சிருக்கும், கொஞ்சம் ஏத்திடலாம்" என்பதுதான். திரவம் ஓடுவதைக் காட்டும் கண்ணாடியான சைட் கிளாஸைப் பார்த்தேன்: ஒரு குமிழிகூட இல்லை, திரவம் நிரம்பி ஓடுகிறது. ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ட்ரையரின் இரண்டு பக்கமும் தொட்டால் ஒரே சூடு. ஆக கேஸ் குறைவில்லை, ட்ரையரும் அடைக்கவில்லை. மிச்சம் இருப்பது வால்வும் காயிலும்.

கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் சக்ஷன் கேஜ் 9 பிஎஸ்ஐ காட்டியது. அந்த அழுத்தத்தில் ஆர்-134ஏ கொதிப்பது ஏறத்தாழ மைனஸ் 15 டிகிரியில். காயிலிலிருந்து வெளியேறும் குழாயில், வால்வின் வெப்பம் உணரும் பல்ப் கட்டியிருக்கும் இடத்தில், வெப்பம் மைனஸ் 3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12 டிகிரி, அதுதான் சூப்பர்ஹீட், அதாவது கேஸ் ஆவியான பிறகு கூடுதலாக ஏறும் சூடு; அது அதிகமென்றால் காயிலுக்குத் திரவம் போதவில்லை. இந்த மாதிரி அறைக்கு 5, 6 இருந்தால் போதும். வால்வின் ஸ்க்ரூவைத் திருகிக் குறைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். "தம்பி, ஸ்க்ரூல கை வைக்காத. காயிலைக் கழுவிட்டு மறுபடி அளந்து சொல்லு" என்றார். சரியான பேச்சு. காயிலுக்குள் காற்றே போகாதபோது எடுக்கிற எந்த அளவையும் நம்ப முடியாது.

பிரேக்கரை இறக்கிவிட்டு ஃபேன் கார்டைக் கழற்றினேன். காற்று நுழையும் பக்கத்தில் ஃபின்கள் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், ஈரக் கம்பளி மாதிரி. சிப்பிக்காளான் உதிர்க்கும் வித்துத்தூளும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து இறுகியது. கண்ணுக்குத் தெரியாத தூள்தான், ஆனால் காளான் வளர்ப்பவர்களுக்கு அது எங்கெல்லாம் போய் ஒட்டும் என்று தெரியும். காய்ந்த மென்பிரஷ்ஷால் ஃபின்னின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து எடுத்தேன். குறுக்கே தேய்த்தால் அலுமினியத் தகடு மடங்கிவிடும். அப்புறம் மோட்டாருக்குப் பாலிதீன் உறை கட்டி, மிதமான சோப்புத் தண்ணீரை, செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரால், காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து அடித்தேன். அப்படி அடித்தால்தான் அழுக்கு வந்த வழியே திரும்பும், உள்ளே போய் அடையாது. ஆசிட் கலந்த க்ளீனர் கடையில் கிடைக்கிறது, பளபளப்பும் வரும். ஃபின்னையே தின்றுவிடும் என்பதால் அதை நான் சேர்ப்பதில்லை. டிரெயின் டிரேயில் வழிந்த தண்ணீர் கஞ்சி நிறம்.

மறுநாள் ஓட்டி அளந்தேன். சக்ஷன் 10 பிஎஸ்ஐ, குழாய் பிளஸ் 4. சூப்பர்ஹீட் 18-க்கு ஏறிவிட்டது! கழுவியதும் மோசமானது போலத் தெரியும், ஆனால் இது நல்ல சேதி. இப்போது காற்று தாராளமாகப் போகிறது, காயில் வெப்பத்தை வாங்குகிறது, ஆனால் வாங்கிய வெப்பத்துக்கு ஏற்ற திரவம் வரவில்லை. பனியும் முதல் சில வளைவுகளில் மட்டும் படிகிறது, மீதிக் குழாய் காய்ந்து கிடக்கிறது. வால்வின் நோயை இத்தனை நாள் அழுக்கு மறைத்து வைத்திருந்தது.

வால்வின் வேலை எளிமையானது. பல்பில் உள்ள அழுத்தம் டயாஃப்ரத்தைத் தள்ளி வால்வைத் திறக்கப் பார்க்கும்; காயிலின் அழுத்தமும் ஸ்பிரிங்கும் சேர்ந்து மூடப் பார்க்கும். அதனால் பல்பைக் குழாயிலிருந்து பிரித்து உள்ளங்கையில் பிடித்தால், சூட்டுக்கு வால்வு திறந்து சக்ஷன் முள் சடசடவென்று ஏற வேண்டும். சில நொடிகளுக்கு மேல் பிடிக்கக் கூடாது, கம்ப்ரசருக்குத் திரவம் போய்விடும். இங்கே முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. பல்புக்குள் அடைத்திருக்கும் கேஸ் கசிந்து போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும், உள்ளே அடைப்பு என்றாலும் இப்படித்தான். திறந்து பார்க்காமல் புது வால்வு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அண்ணன் நைட்ரஜன் சிலிண்டரும் வேக்குவம் பம்ப்பும் கொண்டு வந்தார். ரிசீவர் வால்வை மூடி பம்ப் டவுன் செய்தோம். கேஸ் முழுக்க ரிசீவருக்குள் போய்விட்டது, காற்றில் விடவில்லை. வெளியே விட்டால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் கேஸ் அது. ஃப்ளேர் நட்டைக் கழற்றியதும் ஸ்ட்ரெய்னர் கையோடு வந்தது. விரல் நுனி அளவு வலைக்குப்பி, பாதிக்கு மேல் கருப்புச் செதில். விரலால் நசுக்கினால் பொடிந்தது. செம்புக் குழாயை நைட்ரஜன் ஓட்டாமல் பற்றவைத்தால் உள்பக்கம் உருவாகும் ஆக்சைடு இது. எப்போதோ யாரோ அவசரத்தில் வைத்த பிரேஸிங். அந்தச் செதில் உரிந்து உரிந்து, ட்ரையருக்குப் பிறகான குழாயிலிருந்து நேராக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்ட்ரெய்னரையும், திரவம் பாயும் சின்னத் துளையான ஆரிஃபீஸையும் கழுவி, நைட்ரஜன் ஊதி மாட்டினோம். ட்ரையர் புதிது, லைனைத் திறந்தால் ட்ரையரை மாற்றியே ஆக வேண்டும், அதில் பேரம் கிடையாது. சோப்பு நுரையில் கசிவு இல்லை. 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே வேக்குவம் இறக்கி, பம்ப்பை நிறுத்தி, முள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ரிசீவரைத் திறந்தோம்.

பல்பின் இடத்தையும் மாற்றினேன். குழாயின் அடிவயிற்றில், பிளாஸ்டிக் டையில் கட்டியிருந்தது. அடியில் எண்ணெய் ஓடும், அது பல்புக்கும் கேஸுக்கும் நடுவே திரை போட்டுவிடும். இந்த மெல்லிய குழாய்க்குக் கடிகாரத்தில் 1 மணி இருக்கும் இடம் சரி. குழாயை எமரி பேப்பரால் பளிச்சென்று தேய்த்து, உலோகப் பட்டையால் இறுக்கி, மேலே இன்சுலேஷன் சுற்றினேன்.

இப்போதைய கணக்கு: சக்ஷன் 19 பிஎஸ்ஐ, அதாவது மைனஸ் 6, குழாய் 0, சூப்பர்ஹீட் 6. அறை 4-இல் நிற்கிறது, கம்ப்ரசர் அணைந்து எழுகிறது. பனி காயில் முழுக்க ஒரே சீராகப் படிகிறது. ஸ்க்ரூவைக் கடைசி வரை தொடவில்லை.

அடுத்த வேலை, கொட்டகைக்கும் குளிர் அறைக்கும் நடுவே உள்ள கதவு. அங்கே வலைத்துணியில் ஒரு ஃபில்டர் சட்டம் அடித்து, வித்துத்தூள் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப்போகிறேன்.