ஜெயித்த ஆட்டத்தைப் பாதியில் விடுகிறவனின் புகார்கள்

போன வாரம் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோய், எதை அழிக்கலாம் என்று துழாவிக்கொண்டிருந்தபோது, பாதியில் நிறுத்திய ஆட்டங்களைச் சேமித்துவைக்கும் சேவ் ஃபோல்டர் கண்ணில் பட்டது. விண்வெளி ஸ்ட்ராட்டஜி கேம்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன், ஐந்தாறு கேம்களில் மொத்தம் 23 ஆட்டங்கள். கடைசித் திரை வரை போனவை 4. மீதி 19 ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து எந்த நிலையில் கைவிட்டேன் என்று பார்த்தால், தோற்றுக்கொண்டிருந்தவை இரண்டே இரண்டு. மற்ற 17 ஆட்டங்களிலும் நான்தான் முதலிடம், சிலவற்றில் இரண்டாமிடத்தில் இருப்பவனைப் போல மூன்று மடங்கு படை என்னிடம். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், அதுவும் 17 முறை.

இந்த வகை கேம்களுக்கு 4எக்ஸ் என்று பெயர் வந்தது 1993 இல், ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற கேமைப் பற்றி எழுதியபோது. தேடு, பரவு, சுரண்டு, அழி என்று நான்கு வேலைகள், ஆங்கிலத்தில் நான்கிலும் 'எக்ஸ்' ஒலி வரும். முதல் இரண்டும் எனக்கு அமிர்தம். இருட்டாக இருக்கிற மேப்பில் ஒரு சின்ன ஆய்வுக் கப்பலை அனுப்பிவிட்டு அது என்ன கண்டுபிடிக்கும் என்று காத்திருக்கும் சுகம் வேறு எந்த கேமிலும் இல்லை. மூன்றாவதும் பரவாயில்லை. நான்காவது ஆரம்பிக்கும்போதுதான் எனக்குக் கொட்டாவி வருகிறது. அந்த நேரத்தில் எதிரியைப் பார்த்தால் பயம் இல்லை, என் சொந்தப் பேரரசைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் 40 கிரகங்கள் இருக்கின்றன, நாற்பதுக்கும் அடுத்து என்ன கட்டுவது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பரிசோதனை செய்தேன். கைவிட்ட ஆட்டங்களில் ஒன்றை எடுத்து (எந்த கேம் என்பது வேண்டாம், எல்லாவற்றிலும் இதே கதைதான்), 143வது டர்னை (ஒரு முறை நான் ஆடி, பிறகு எதிரிகள் ஆடினால் ஒரு டர்ன்) மட்டும் ஆடினேன், பக்கத்தில் பேப்பர் வைத்து ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கோடு போட்டேன். கட்டுமானம் முடிந்தது என்று ஒன்பது பாப்அப், அவற்றில் ஏழில் நான் தேர்ந்தெடுத்தது அதே தொழிற்சாலை. பிறகு புதுப் பீரங்கி வந்துவிட்டதால் மூன்று படைகளைத் தனித்தனியாகத் தளத்துக்கு இழுத்துப் போய் அப்கிரேட் செய்தேன். ஒரு கிரகத்தில் மக்களுக்கு மகிழ்ச்சி குறைகிறதாம், சரி, வரியைக் குறைத்தாயிற்று. அப்புறம் எப்போதோ அமைதி ஒப்பந்தம் போட்ட ஒருவன் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனான், அதற்கு இரண்டு கிளிக். மொத்தம் 61 கோடுகள். கையை எடுத்துவிட்டு யோசித்துச் செய்தது எத்தனை என்று எண்ணினால் மூன்று. 58 தடவை நான் வெறும் குமாஸ்தா.

இங்கே ஒரு வேடிக்கை, 1993 இல் வந்த அந்த முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியனில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒரு கிரகத்துக்கு ஐந்தே ஐந்து ஸ்லைடர்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆராய்ச்சி. எதற்கு எவ்வளவு என்று இழுத்துவிட்டால் அது பாட்டுக்கு நடக்கும். 1996 இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் ஒவ்வொரு குடியிருப்புக்கும் கட்டட வரிசை வந்தது. இரண்டாம் பாகம்தான் பலருக்குப் பிடித்தது, எனக்கும்தான், முதல் 80 டர்ன் வரைக்கும் ஒவ்வொரு கட்டடமும் ஒரு முடிவாக இருக்கும். ஆனால் ஐந்து கிரகம் இருக்கும்போது ருசியாக இருக்கிற வேலை ஐம்பது இருக்கும்போது தண்டனை. ஆகவே டெவலப்பர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான்: பேரரசு வளர வளர நான் எடுக்கும் முடிவின் அளவும் வளரட்டும். ஆரம்பத்தில் ஒரு சுரங்கம் எங்கே என்று என்னைக் கேளுங்கள். 143வது டர்னில், இந்த எட்டு கிரகங்களும் சேர்ந்து என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

உடனே ஆட்டோமேஷன்தான் இருக்கிறதே, கிரகத்தை நமக்குப் பதில் கேமே நடத்தும்படி ஒரு கவர்னரை நியமித்துவிட்டுப் போ என்பார்கள். நியமித்தேன். எல்லைக் கிரகம் ஒன்றை எதிரி முற்றுகையிட்டிருக்கும்போது என் கவர்னர் அங்கே கலை அரங்கம் கட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்க வழி இல்லை. அதிலிருந்து அவரைத் தூக்கிவிட்டு நானே செய்ய ஆரம்பித்தேன், கிட்டத்தட்ட எல்லா ஆட்டக்காரர்களும் இதே வழியில்தான் ஆட்டோமேஷனைக் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கவர்னர் முட்டாளாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அவர் ஊமையாக இருப்பதுதான் பிரச்சினை. 'உணவு போதவில்லை, அதனால் பண்ணை கட்டினேன்' என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும், தப்பு செய்தால்கூட எதனால் செய்தார் என்று புரியும், அடுத்த முறை விதியை மாற்றிவிடலாம். டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் என்ற கேம் இதில் மற்றவர்களைவிட நல்ல வழி பிடித்தது. ஒவ்வொரு துறையையும் தனித்தனியாக முழு ஆட்டோவில் விடலாம், அல்லது கேம் யோசனை சொல்லி நம்மிடம் சம்மதம் கேட்கும்படி வைக்கலாம், அல்லது முழுக்க நாமே பார்க்கலாம். அதிலும் வணிகக் கப்பல்கள் தனியார் கையில், அவற்றை நாம் ஓட்டவே முடியாது. முதலில் எரிச்சலாக இருந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் என்ன ஒரு நிம்மதி என்று தெரிந்தது.

அடுத்து முடிவு. நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியும், கேமுக்கு மட்டும் தெரியாது, கடைசி மூலையில் இருக்கும் கடைசிக் குடியிருப்பையும் பிடித்தால்தான் ஒத்துக்கொள்ளும். இதற்கும் 1993 இலேயே ஒரு விடை இருந்தது. மாஸ்டர் ஆஃப் ஓரியனில் விண்மீன் சபை கூடி வாக்கெடுக்கும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தவர் பேரரசர். வேறொருவர் தேர்வாகி நமக்குப் பிடிக்கவில்லை என்றால் ஏற்க மறுக்கலாம், அப்புறம் மற்ற எல்லோரும் நமக்கு எதிராக. முடிவு என்று வந்தால் இப்படி வர வேண்டும், நறுக்கென்று, ஒரு கேள்வியோடு. ஸ்டெல்லாரிஸ் என்ற கேமில் இன்னொரு வழி: கடைசிக் காலத்தில் வெளியிலிருந்து ஒரு பேராபத்து வந்து மேப்பைப் புரட்டிப் போடும், அதுவரை சேர்த்துவைத்த படைக்கு ஒரு வேலை கிடைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அது வருகிற வரைக்கும் இருக்கிற வறண்ட காலத்தில்தானே நான் ஓடிப்போகிறேன்.

2009 இல் வந்த ஏஐ வார் என்ற கேம்தான் இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் நாம் ஒரு கிரகத்தைப் பிடிக்கப் பிடிக்க எதிரி நம்மைக் கவனிக்க ஆரம்பிப்பான், அவன் அனுப்பும் படையும் பெரிதாகும். அதனால் 'பிடிக்க முடியுமா' என்பதைவிட 'பிடித்தால் கட்டுப்படியாகுமா' என்பதுதான் கடைசி வரை கேள்வி. பரவுவதற்கு ஒரு விலை வைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மற்ற கேம்களில் விலை இருக்கிறது, ஆனால் அதை நான் கிளிக்குகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எதிரியின் மூளை பற்றி நிறைய பேர் நிறைய எழுதியாயிற்று, அதனால் சுருக்கமாக. டிஃபிகல்ட்டியைக் கூட்டினால் பல கேம்களில் ஏஐக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஆடும் எதிரிக்கு, கூடுதல் வளம் கிடைக்கும், அவ்வளவுதான். அதில் எனக்குக் கோபம் இல்லை, எத்தனை சதவீதம் என்று மட்டும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஆனால் வளத்தை எவ்வளவு கொட்டினாலும், சண்டைக் காட்சியில் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அடி வாங்கும் அடியாட்கள் மாதிரி மூன்று மூன்று கப்பலாக அனுப்புகிறானே, அதைத்தான் திருத்த வேண்டும். பின்வாங்கு, ஒன்றுசேர், பிறகு வா. இந்த மூன்றையும் கற்றுக்கொடுத்தால் வளமே வேண்டாம். ஹோம்வேர்ல்ட் 2 என்ற கேமில் நம் படையின் அளவைப் பார்த்து அடுத்த கட்டத்தில் எதிரியின் பலத்தைக் கூட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிரமப்பட்டுச் சேர்த்த படையே நமக்கு எதிராகத் திரும்புகிறது, குறைவான கப்பலோடு போவது லாபம் என்று ஆகிவிடுகிறது. சேமித்தவனுக்கு அபராதம்.

போர் அறிக்கைக்கு வருகிறேன், இதில் எனக்குச் சொந்தக் காயம் உண்டு. 40 கப்பல், எல்லாம் ஏவுகணை, பார்த்துப் பார்த்து டிசைன் பண்ணியது. எதிரியிடம் 22. சண்டையை ஸ்கிப் பண்ணினேன். 'தோல்வி. இழந்த கப்பல்கள்: 31' என்று ஒரு சிவப்புக் கட்டம், கீழே 'சரி' என்று ஒரு பட்டன். என்ன சரி? சேவ் ஃபைலை மறுபடி லோட் செய்து, வேகத்தைக் குறைத்து, கேமராவை எதிரிக் கப்பலின் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். என் ஏவுகணைகள் கொத்தாகப் போகின்றன, அந்தக் கப்பலின் ஓரத்திலிருந்து பொடிப் பொடியாக வெள்ளைக் கோடுகள் வருகின்றன, ஏவுகணைகள் பட் பட்டென்று வழியிலேயே வெடிக்கின்றன. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஏவுகணைக்கு எதிரான சின்னத் துப்பாக்கிகளை அவன் நிறைய பொருத்தியிருக்கிறான், அவ்வளவுதான் ரகசியம். அதை அந்தச் சிவப்புக் கட்டத்தில் மூன்று வரியில் சொல்லியிருக்கலாம்: சுட்டது இத்தனை, பட்டது இத்தனை, மீதியைத் தடுத்தது இது. கலாக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 கேம் மாதிரி மூன்று ஆயுதம், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒரு தடுப்பு என்று எளிமையாக வைத்திருந்தால்கூட, எதனால் தோற்றேன் என்று தெரிந்தால்தானே மாற்றி டிசைன் செய்ய முடியும்? தோற்றதற்குக் காரணம் புரிந்துவிட்டால் அந்த ஆட்டத்தை நான் விடவே மாட்டேன். தோற்றுக்கொண்டிருந்த ஆட்டங்களில் இரண்டை மட்டும்தானே விட்டிருக்கிறேன்.

இவ்வளவு சொல்கிற நான் எப்போதும் சரியாகச் சொன்னவன் இல்லை. ஸ்டெல்லாரிஸில் முதலில் கப்பல் நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரத்துக்குப் போக மூன்று வழிகளில் ஒன்றை ஆட்டத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் நட்சத்திரங்களை இணைக்கும் ஹைப்பர்லேன் பாதைகள்தான் என்று ஆக்கினார்கள். ஆட்டக்காரர்களிடையே பெரிய சண்டை. நானும் எதிர்க் கட்சி. சுதந்திரத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பேசினேன். ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் என்னவெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்? எல்லையில் கோட்டை கட்டிப் பயனில்லை, எதிரி சுற்றிக்கொண்டு போய்விடுகிறான், போர் முழுக்கத் துரத்திப் பிடிக்கிற விளையாட்டாக இருக்கிறது. பாதை வந்ததும் கணவாய்கள் வந்தன, கணவாய் வந்ததும் கோட்டைக்கு அர்த்தம் வந்தது. நாங்கள் சொன்ன குறையைத்தான் தீர்த்திருந்தார்கள், நாங்கள் கேட்ட விதத்தில் இல்லை. அதிலிருந்து நான் ஃபீட்பேக் எழுதும்போது 'இதைச் சேருங்கள்' என்று ஆரம்பிப்பதை முடிந்தவரை தவிர்க்கிறேன் (இந்தப் பதிவில் முடியவில்லை, தெரிகிறது). எந்த டர்னில், என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, எப்போது மூடினேன், முடிந்தால் சேவ் ஃபைலோடு.

எண்ட்லெஸ் ஸ்பேஸ் என்ற கேமைச் செய்தவர்கள் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி சில விஷயங்களை முடிவு செய்தார்கள். நல்ல வழக்கம். ஆனால் வாக்களிக்க வருகிறவர்கள் கேமை விடாதவர்கள். 143வது டர்னில் ஓடிப்போனவன் அங்கே வந்து எதற்கு ஓட்டுப் போடப் போகிறான்? ஒரு மாதம் தொடாமல் கிடக்கிற சேவ் ஃபைலைத் திறக்கும்போது 'ஏன் நிறுத்தினீர்கள்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத பதில் கிடைக்கும்.

சின்னச் சின்னவையும் உண்டு. எழுத்தைப் பெரிதாக்க ஒரு ஸ்லைடர், தயவுசெய்து. நட்சத்திர மேப்பில் பச்சையையும் சிவப்பையும் மட்டும் நம்பி நண்பன் யார் எதிரி யார் என்று காட்டாதீர்கள், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். டூல்டிப்புக்குள் (மவுஸை வைத்தால் வரும் விளக்கக் கட்டம்) டூல்டிப்புக்குள் டூல்டிப் வேண்டாம்.

முக்கியமாக, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவனுக்கு ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும்: யாரோடு போர், எதற்குப் போர், கடைசியாக என்ன கட்டச் சொன்னேன். இப்போது நான் செய்வது, படைகளின் பெயரை மாற்றி அதையே குறிப்பேடாக வைத்துக்கொள்வது. அன்றைக்கு அந்த 17 ஆட்டங்களில் ஒன்றைத் திறந்தபோது, மேப்பின் மூலையில் ஆறு கப்பல் தனியாக நின்றிருந்தது, படையின் பெயர் 'வடக்கே போகாதே'. விண்வெளியில் ஏது வடக்கு, எதற்கு இதை எழுதினேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. அனுப்பிப் பார்த்தேன். மூன்றாவது டர்னில் ஞாபகம் வந்துவிட்டது. கப்பல் ஆறும் போச்சு, ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை அந்த ஆட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.