வேய்டரின் 'மார்பிட் ரைக்' கேசட்டைக் கணினியில் ஏற்றியது: இதுவரை

போலந்தின் ஓல்ஷ்டின் நகரில் 1983-ல் தொடங்கிய டெத் மெட்டல் குழு வேய்டர். அவர்களுடைய 'விஷியஸ் சர்க்கிள்' பாட்டின் மூன்று பதிவுகளை எடுத்துக்கொண்டாயிற்று: 1990-ன் 'மார்பிட் ரைக்' டெமோ (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவு) கேசட், 1992-ன் முதல் ஆல்பம் 'தி அல்டிமேட் இன்கன்டேஷன்', அந்த ஆல்பத்தை முழுக்கத் திரும்ப வாசித்த 2017-ன் 'டார்க் ஏஜ்'. மூன்றையும் ஒரே ஒலி அளவில் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பின்னிரண்டுக்கும் சிடி இருக்கிறது. சிரமம் எல்லாம் கேசட்டில்தான்.

கையிலிருப்பது பிரதியின் பிரதி. அந்தக் காலத்து மெட்டல் டெமோக்கள் தபாலில் கைமாறி, வீட்டு டெக்குகளில் நகலாகித்தான் பரவின. பத்தாயிரம் பிரதி விற்றதாகச் சொல்லப்படும் டெமோ இது. அதைக் கேட்ட பிறகே இங்கிலாந்தின் இயரேக் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

உடனே ப்ளே அழுத்தக்கூடாது. முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றியதும் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரிந்தன. டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனையும் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தாயிற்று. கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னத் துணிப்பட்டை கழன்று கிடந்தது. பசை போட்டு ஒட்டினால் திரும்பக் கழலும். ஐந்து திருகு உள்ள வேறு கூட்டுக்கு டேப்பை மாற்றுவதே மேல்.

முதல் ஓட்டத்தில் ஹைஹேட் (டிரம்ஸின் இரட்டை உலோகத் தட்டு, சிம்பல்) கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருந்தது. பழைய டேப் என்று விட்டுவிடத் தோன்றும். உண்மையில் நகலெடுத்த டெக்கின் ஹெட் சாய்வும் நம் டெக்கின் சாய்வும் பொருந்தவில்லை. ஹெட்டின் பக்கத்துத் திருகு நின்ற இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, ஒலியை மோனோவாக்கி, எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் சிம்பல் சட்டென்று திறந்தது. ஸ்டீரியோவில் வைத்துத் திருப்பினால் காது ஏமாறும். மோனோவில் பிசகு உடனே தெரியும். வேலை முடிந்ததும் திருகைக் குறிக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற கேசட்டுகள் மங்கும்.

வேகத்தைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பாட்டுகளுக்கு இடையிலான மௌனத்தில், பதிவின்போதே புகுந்த மின்சார இரைச்சல் இருக்கும். போலந்தில் அது 50 ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரத்தில் 51 காட்டியது, அதாவது 2% கூடுதல் வேகம். சுருதி ஏறக்குறைய மூன்றில் ஒரு அரைச்சுரம் ஏறியிருந்தது. நம் டெக்கின் சொந்த இரைச்சல் எப்போதும் 50-லேயே நிற்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. சிடியின் சுருதியோடு ஒப்பிட்டு வேகத்தைத் திருத்துவதும் தப்பு. குழு அந்தமுறை வேறு சுருதியில் வாசித்திருக்கலாம்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -6 டெசிபல். டெக்கின் இரைச்சல் குறைப்பு வசதியான டால்பி அணைத்தே இருந்தது. கணினியில் இரைச்சல் நீக்கியை 12 டெசிபலுக்கு ஏற்றியபோது சிம்பல்கள் தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் ஆகிவிட்டன. 5-ல் நிறுத்தியாயிற்று. 'தோட்சென்ட்' என்று அழைக்கப்பட்ட டிரம்மர் க்ஷிஷ்டோஃப் ராச்கோவ்ஸ்கியின் வாசிப்பு அது. 2005-ல் இறந்துபோனார், அந்தக் கைகளை வடிகட்ட மனம் வராது.

மூன்றையும் -18 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) சமப்படுத்திய பிறகுதான் ஒப்பிட்டது. சமப்படுத்தாவிட்டால் 2017-ன் பதிவு வெறும் சத்தத்தாலேயே ஜெயிக்கும். முதல் ஆல்பத்தை ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் ஒருமுறை பதிந்து, விளைவு பிடிக்காமல் இங்கிலாந்தில் முழுக்கத் திரும்பப் பதிந்தார்கள். அதனால் 1992-ன் பதிவில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. 2017-ல் டிரம்ஸ் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், துல்லியம் கூடியிருக்கிறது. தொடக்கத்திலிருந்து மிஞ்சியவர் பாடகரும் கிதார் கலைஞருமான பியோத்ர் விவ்ச்சாரெக் ஒருவர்தான். ஆனாலும் மூன்றில் முன்னே பாய்வது கேசட்தான்.

அடுத்தது அவர்களுடைய முந்தைய டெமோ, 1989-ன் 'நெக்ரோலஸ்ட்'. அந்த டேப் இன்னும் மெல்லிய சி-90 (90 நிமிடக் கேசட்), ஆகவே வேகமாகச் சுற்றாமல் ப்ளேயிலேயே ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.